உருளும் பந்தும் ஓடும் புள்ளிகளும்

கோலி ஆண்பிள்ளைகளுக்கு, பல்லாங்குழி பெண்பிள்ளைகளுக்கு என்று நம் பாட்டிமார் பிரித்து வைத்தார்கள். வீட்டுக்குள் கணிப்பொறி வந்த பிறகும் அந்தப் பிரிவினை போனபாடில்லை. தம்பி அதன் முன் அமர்ந்தால், "பிள்ளை ஏதோ விளையாடுகிறான்" என்பார்கள். நாம் அமர்ந்தாலோ, "பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இது தேவைதானா?" என்ற கேள்வி சமையலறையிலிருந்தே வந்துவிடும். எல்லாக் கணிப்பொறி விளையாட்டுகளுக்காகவும் வாதாட நான் வரவில்லை. சுடுவதும் வெட்டுவதுமாக உள்ளவை எனக்கும் பிடிப்பதில்லை. ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி மட்டும் தோழியரிடமும் ஆசிரியைகளிடமும் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

அதன் பெயர் 'பேலன்ஸ்'. சமநிலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தைக் கூட்டி, பந்து என்ற சொல் உள்ளே ஒளிந்திருக்கும்படி எழுதியிருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு ஜெர்மனியின் சைபரேட் என்ற நிறுவனம் உருவாக்க, அட்டாரி வெளியிட்டது. இதில் கதை கிடையாது, பகைவன் கிடையாது. ஆகாயத்தில், மேகங்களுக்கு நடுவே, கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாதை. அதில் ஒரு பந்து. அதைக் கீழே விழாமல் உருட்டிச் சென்று, பாதையின் முடிவில் காத்திருக்கும் பலூனில் ஏற்றிவிட வேண்டும். பந்துக்குத் துள்ளத் தெரியாது. உருளத்தான் தெரியும்.

இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். அந்தப் பந்து மூன்று உருவம் எடுக்கும்: மரப்பந்து, கல்பந்து, காகிதப்பந்து. வழியில் சில இடங்களில் பந்தை மாற்றும் மேடைகள் உண்டு. கல்பந்தாக மாறினால் கனமான பெட்டிகளைத் தள்ளிக் குழியை நிரப்பலாம்; ஆனால் அது எளிதில் கிளம்பாது, கிளம்பிவிட்டால் எளிதில் நிற்கவும் நிற்காது. காகிதப்பந்தோ நிறை குறைந்தது. கீழிருந்து சுழலும் விசிறியின் காற்றே அதை மேலே தூக்கிவிடும். ஆனால் பெட்டியைத் தள்ளப் போனால் பெட்டி அசையாது. மரப்பந்து இரண்டுக்கும் நடுவே நிற்பது. ஆகவே ஒவ்வொரு தடையின் முன்னும், 'இதற்கு எந்தப் பந்து ஏற்றது? அந்த மேடை எங்கே இருந்தது?' என்று யோசித்தாக வேண்டும். சில நேரம் வந்த வழியே திரும்பிச் செல்லவும் வேண்டும்.

நம் அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். நிலைமம், உந்தம், திருப்புத்திறன் என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கிறோம். வரையறையை நான் பிழையின்றிச் சொல்லிவிடுவேன். ஆனால் ஏற்றப்பலகையின் ஒரு முனையில் பந்தை ஏற்றி, அது சாயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோதுதான், தாங்குபுள்ளியிலிருந்து தள்ளிப்போகப் போக விசையின் பலன் கூடுகிறது என்ற வரிக்கு உயிர் வந்தது. அதுபோல, கல்பந்தை விளிம்பிலே நிறுத்த முயன்று பார்த்தவளுக்கு உந்தம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரலைச் சாவியிலிருந்து எடுத்த பிறகும் அது உருண்டுகொண்டே போகும்!

இனி நான் இந்த விளையாட்டோடு முரண்படும் இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்போது நமக்கு 1000 புள்ளிகள் கொடுக்கப்படுகின்றன. நேரம் ஓட ஓட அவை குறைந்துகொண்டே வரும். முன்னே உள்ள பாதையை உயரத்திலிருந்து பார்க்க ஒரு வசதி தந்திருக்கிறார்கள். நீண்ட சாவியை அழுத்தினால் போதும், பார்வை மேலே எழும். ஆனால் நாம் அப்படி நின்று பார்க்கும் நேரத்திலும் புள்ளிகள் ஓடிக்கொண்டேயிருக்கும். இது என்ன நியாயம்? நின்று, பார்த்து, யோசித்தவளால்தான் அந்தப் பாதையைக் கடக்கவே முடியும். அப்படி இருக்க, நின்றதற்காக அவளிடமிருந்தே புள்ளியைப் பிடுங்குகிறார்கள். புள்ளி முழுவதும் தீர்ந்தாலும் ஆட்டம் நின்றுவிடாது என்பது ஓர் ஆறுதல். இருந்தாலும் மூலையில் எண்கள் குறைவதைக் கண்டால் கை தானாகவே அவசரப்படுகிறது. அவசரப்பட்டால் பந்து மேகத்துக்குள் போய்விடுகிறது.

இந்த அவசரம் பழைய வழக்கம். 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்டாரியின் 'மார்பிள் மேட்னஸ்' என்ற விளையாட்டு வந்தது. காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரங்களில் ஓடியது. அதிலும் கோலிக்குண்டு போன்ற ஒன்றைச் சரிவுகளில் உருட்ட வேண்டும். அதை வடிவமைத்த மார்க் செர்னி தமது 17ஆம் வயதிலேயே அட்டாரியில் சேர்ந்தவர். நம்மைவிட இரண்டே வயது மூத்த பருவம்! அந்த ஆட்டத்தில் நேரம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. அங்கே அது பொருத்தமே. ஒருவர் நின்று யோசித்துக்கொண்டேயிருந்தால் பின்னால் காசோடு நிற்பவர் என்ன செய்வார்? ஆனால் வீட்டில் ஆடும் விளையாட்டில் நமக்குப் பின்னால் வரிசை ஏது? தேவை போன பிறகும் கடிகாரம் மட்டும் தங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தேர்வுக் கூடத்திலும் கடிகாரம் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மூன்று மணி நேரத்துக்குள் எப்போது எழுதினாலும் ஒரே மதிப்பெண்தான். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு மதிப்பெண்ணாகக் கழித்துக்கொண்டே வந்தால், கணக்கு வினாத்தாளை யாராவது ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்ப்பார்களா?

நேரத்தை விழுங்கும் என்ற குற்றச்சாட்டு உண்மையே. விழுந்தால் கடைசியாகத் தீபம் எரியும் இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்பதால், 'இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை' என்று மணி ஒன்பதாகிவிடும். தவக்காலத்தில் இனிப்பை விடுவதற்குப் பதில் இதை விடப்போவதாக என் தோழி ஒருத்தி அறிவித்தாள். நாற்பது நாளும் தாக்குப்பிடித்தாள். உயிர்ப்பு ஞாயிறு அன்று பூசை முடிந்து வந்ததும் எங்கே அமர்ந்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அளவு வேண்டும் என்பதில் பெற்றோரோடு எனக்குப் பகையில்லை. அந்த அளவு தம்பிக்கும் எனக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நம் ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். இயக்க விதிகள் நடத்தும் வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை எங்களைக் கணிப்பொறி அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். இது பழைய விளையாட்டு. புதிய இயந்திரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஒரு கணிப்பொறிக்கு இருவர்: ஒருத்தி உருட்டட்டும், மற்றவள் அடுத்து எந்தப் பந்து வேண்டும் என்று காரணத்தோடு சொல்லட்டும், பிறகு இடம் மாறட்டும். தொடங்கும் முன் திரையின் மூலையில், அந்தப் புள்ளிகள் ஓடும் இடத்தின் மேல், ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள்.