அவள் எறிந்த சிலுவை

சென்ற மாதம் சித்தையன்கோட்டையில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகளின் பாடநூலுக்குள் வகுப்புத் தோழன் ஒருவன் எழுதிய கடிதம் இருந்ததைத் தாய் கண்டுவிட்டார். "பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாமா, ஐயா?" என்று கண்கலங்கினார். தந்தையோ, "எல்லாம் சினிமாவால் வந்த வினை" என்றார். முந்திய ஞாயிறன்று அவ்வீட்டுத் தொலைக்காட்சியில் குடும்பமே அமர்ந்து 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைக் கண்டதாம்.

1981-இல் பாரதிராஜா இயக்கிய படம் அது. கார்த்திக், ராதா இருவருக்கும் அதுவே முதற்படம். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிராமண இளைஞன் விச்சுவும் கிறிஸ்தவப் பெண் மேரியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். விச்சுவின் தாயிடம் பாட்டுக் கற்க வருகிறவள் மேரி. ஊர் திரண்டு எதிர்க்கிறது. முடிவில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் எறிந்துவிட்டு ஊரைவிட்டே செல்கின்றனர்.

அச்சிலுவை எறியப்படும்போது நம் நெஞ்சம் நோகிறது, நோகத்தான் வேண்டும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மேரியின் அண்ணன் டேவிட்டும் அதே சிலுவையை வணங்குகிறவனே. தன் ஒழுக்கத்தைக் காவாத அவன், தங்கையை மட்டும் அடக்க வருகிறான். அன்போடு அவள் சொல்லைக் கேட்க வேண்டியவன் கையோங்குகிறான். மேரி சிலுவையை எறிவதற்கு முன்பே அவ்வீடு அன்பை எறிந்துவிட்டது அன்றோ?

படத்திலும் குறை உண்டு. காதலர் ஊரெல்லையைக் கடப்பதோடு கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் உணவுக்கும் உறைவிடத்திற்கும் வழி என்ன? திரை அதைக் காட்டவில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பாமல் மணம் செய்யச் சட்டம் இடந்தராது. 18 நிரம்பாதோரின் இசைவைச் சட்டம் இசைவாகவே கொள்வதில்லை. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அத்தகைய உறவு வழக்காகவும் மாறும். இவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டியவர் யார்? பெற்றோரே. ஆனால் அடித்த கை எடுத்துரைத்தால் எந்தப் பிள்ளை செவிமடுக்கும்?

அத்தாயிடம் ஒன்றே கேட்டோம்: "கடிதம் எப்போது வந்தது?" படம் பார்த்ததற்கு இரு வாரங்களுக்கு முன்பே வந்ததாம். தந்தை தலைகுனிந்தார். பதின்மூன்று, பதினான்கு வயதில் உள்ளம் அலைபாய்வது படைத்தவர் வகுத்த பருவம், பாவமன்று. அதைச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லாமற்போவதே ஆபத்து.

சற்றுப் பொறுத்துத் தாய் தாழ்ந்த குரலில் சொன்னார்: "என்னையும் ஒன்பதாம் வகுப்போடுதான் நிறுத்தினார்கள், ஐயா. ஒரு தவறும் செய்யவில்லை. ஒருவன் தெருவில் நின்றான் என்பதற்காக."

அன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின் மகளை அருகில் அமர்த்தி அதே கதையை அவளிடமும் கூறினாராம். மகள் அழுதாளாம், பிறகு நெடுநேரம் பேசினாளாம். மறுநாள் காலை வழக்கம்போல் சீருடை அணிந்து பள்ளிக்குச் சென்றாள்.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் வீட்டு மேரி எவரிடம் பேசுகிறாள்?