மயிலுக்குப் போர்வை, கூகைக்குக் கல்

போன வாரம் சென்னையிலிருந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். விடிகாலையில் மேட்டுக்காட்டில் எட்டு மயில். செல்போனை நீட்டிக்கொண்டு, "மாமா, கொடுத்து வச்சவங்க நீங்க" என்றான். அது நாலு நாள் முன்னாடி நான் நிலக்கடலை விதைத்த காடு. எட்டும் சால் பிடித்த மாதிரி வரிசையாய்க் கிளறி விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. ராத்திரி பனைமரத்தில் கூகை அலறியது. அதே பையன், "சாவுக்குருவி கத்துது, கல்லை எடுத்து விரட்டுங்க மாமா" என்றான்.

கொள்ளை அடிக்கிறதுக்குக் கும்பிடு, காவல் காக்கிறதுக்குக் கல்லடி. இதுதான் நீங்க இயற்கையை நேசிக்கிற லட்சணமா?

மயில் கோழிக் குடும்பம். பகலில் கிளறித் தின்னும். புழு, பூச்சி, பாம்புக்குட்டி எல்லாம் தின்னும், இல்லைன்னு சொல்லலை. ஆனா விதை, நாற்று, தக்காளி, மிளகாய் எதையும் விடாது. ஏக்கருக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் கடலைப்பருப்பு விதைக்கிறோம். முளைக்காத இடத்தில் மறுபடி விதை வாங்கணும். அதற்குள் ஈரம் போயிடும்.

கூகை ஆந்தை ஜாதி. ராத்திரிதான் வேட்டை. கும்மிருட்டிலும் சத்தத்தை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். முழுசா விழுங்கிட்டு, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பனையடியில் கிடக்கும் அந்த உருண்டையை உடைத்துப் பாருங்க, எலி மண்டையோடு இருக்கும். என் தானியத்தில் ஒரு மணி இருக்காது.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. கொன்றால் 3 வருஷத்துக்குக் குறையாத ஜெயில், 7 வருஷம் வரைக்கும் போகலாம். சரி, கொல்லச் சொல்லி நானும் கேட்கலை. முருகன் வாகனம், எனக்கும் பயபக்தி உண்டு. ஆனா வடக்கே லட்சுமிக்கு வாகனம் ஆந்தைதானே? அந்த மரியாதை இங்க ஏன் இல்லை? மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ராஜா. கடலை விதைச்சவன் கொடுத்திருந்தால்தான் அது தியாகம்.

எங்க தப்பையும் சொல்லணும். மூணு வருஷம் முன்னாடி எலித்தொல்லை தாங்காமல் நானே மருந்து வைத்தேன். சில நாளில் கிணற்று மேட்டில் கூகை செத்துக் கிடந்தது. மருந்து தின்ன எலியைத் தின்னுதான் செத்திருக்கணும், எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த போகத்தில் எலி இரட்டிப்பு. வீட்டுக்காரி, "காவக்காரனைக் கொன்னுட்டு திருடனைத் தேடுறீங்க" என்றாள். பதில் சொல்ல வாய் வரலை. அதிலிருந்து மருந்து வைக்கிறதில்லை. வயலில் டி மாதிரிக் குச்சி நட்டிருக்கேன், ராத்திரி வந்து உட்காரும். பொந்துள்ள பனையை விற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து இப்பத்தான் மறுபடி ஒரு ஜோடி வந்திருக்கு.

நரி இல்லை, சீமைக்கருவேலம் காடாய் மண்டிக் கிடக்கு, அதனால் மயில் பெருகுது. பழைய மரமும் பொந்தும் போகுது, கூகை குறையுது. இரண்டும் மனுஷன் செஞ்ச வேலைதான்.

நான் கேட்கிறது இரண்டுதான். மயில் அழகு நாட்டுக்குச் சொந்தம்னா, அது தின்ன விதையின் கணக்கும் நாட்டுக்குச் சொந்தம், நட்டஈடு கொடுங்க. கூகை அலறினால் கல்லைத் தேடாதீங்க. யாரோ ஒரு விவசாயிக்காக அது ராத்திரி வேலைக்குக் கிளம்பியிருக்கு.