ஷவரில் நூலாக ஒழுகும் தண்ணீர்

பெங்களூருவை ஒட்டிய ஹெப்பகோடிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டது. குளியலறைக்கோ இன்னும் போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான் கதி. மேல்மாடியில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூலாக ஒழுகுகிறது.

உடனே பம்ப் வாங்க ஓடுகிறார்கள். அவசரம் வேண்டாம். முதலில் ஷவர் தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். போர்வெல் நீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைத்திருக்கும். இரவு வினிகரில் ஊறவைத்து, காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது உயரம். பத்து மீட்டர் உயர நீர்தான் சுமார் 1 பார் அழுத்தம் தரும். மொட்டை மாடித் தளத்திலேயே உட்காரும் டேங்க், மேல்மாடி ஷவருக்கு 0.2 பார் தந்தாலே பெரிது. ஸ்டாண்ட் போட்டு இன்னும் இரண்டு மீட்டர் தூக்கினால் அது இரட்டிப்பாகும். ஆனால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. பொறியாளரைக் கேட்காமல் தூக்கக் கூடாது.

அதற்கும் மசியாவிட்டால் பிரஷர் பம்ப். அதை டேங்கிலிருந்து இறங்கும் குழாயில்தான் மாட்ட வேண்டும். தெருக் குழாயில் மோட்டார் மாட்டுவது பக்கத்து வீட்டின் பங்கைப் பறிப்பது. விரிசல் வழியே சாக்கடையையும் உறிஞ்சிவிடும்.

2024 தட்டுப்பாட்டில் பெங்களூரு குடிநீர் வாரியம், வணிக வளாகங்கள் போன்ற இடங்களில் குழாய்களுக்குத் தண்ணீரைச் சிக்கனமாக்கும் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. அதே கண்டிப்போடு, புது வீட்டு வரைபடங்களில் டேங்க் மேடையின் உயரத்தையும் உள்ளாட்சி அமைப்புகள் கேட்க வேண்டும்.