பழைய டீசல் கார்... சுபாவமா, கோளாறா?

"அண்ணே, உள்ளே இருக்கிறது ஃபியட் இன்ஜின். கண்ணை மூடிக்கிட்டு எடுங்க!"

செகண்ட் ஹேண்டில் டீசல் கார் தேடிப் போனவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். எதிரே நிற்பது மாருதி ஸ்விஃப்ட். மாருதிக்குள் எப்படி ஃபியட் வந்தது என்று வாங்க வந்தவர் குழம்புவார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் அடுத்த குழப்பம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் முதலில் சோம்பல் முறிக்கிறது. பிறகு திடீரென்று பாய்கிறது. 'வண்டி ரிப்பேரா, இல்லை இது இப்படித்தான் ஓடுமா?'

கையில் இருப்பது சீட்டு எடுத்த பணமும், நகையை அடகு வைத்த பணமும் சேர்ந்த இரண்டு மூன்று லட்சம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது அல்லவா?

ஒரே இன்ஜின், பல பெயர்

விற்பவர் சொல்வது பொய் இல்லை. இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 2003-ல் கொண்டு வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின்தான் அது. 1,248 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. டீசலை ஒரே தடவையில் பீய்ச்சாமல், ஒரு சுற்றுக்கு ஐந்து முறை வரை பிரித்துத் தெளிக்கும். அதனால்தான் 'மல்டிஜெட்' என்று பெயர். பழைய டீசல் கார்களின் 'கடகட' சத்தமும் அதிர்வும் இதில் குறைந்தது இப்படித்தான்.

2007-ல் ஸ்விஃப்ட்டில் இந்த இன்ஜினை வைத்தது மாருதி. பெயர் 'டிடிஐஎஸ்'. டாடா கார்களில் இதுவே 'குவாட்ராஜெட்'. ஃபியட் புன்ட்டோ, லீனியாவில் 'மல்டிஜெட்'. செவர்லே செயிலில் 'ஸ்மார்டெக்'. மாருதிக்கு ஹரியானாவின் மானேசரிலும், ஃபியட், டாடா கார்களுக்கு புனே அருகே ரஞ்சன்கானிலும் தயாரானது. டீசல் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் குறைந்திருந்த அந்த வருடங்களில், டீசல் ஸ்விஃப்ட்டுக்கு புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, இந்த இன்ஜின் வேண்டுமென்றால் இனி பழைய கார்தான்.

எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பின்கதவில் ஒட்டியிருக்கும் பேட்ஜை நம்ப வேண்டாம். அதை யாரும் மாற்றி ஒட்டலாம். ஆர்.சி-யில் இருக்கும் சிசி எண்ணைப் பாருங்கள். 1,248 என்றிருந்தால் மல்டிஜெட் குடும்பம்.

இண்டிகா விஸ்டாவில் இந்த இன்ஜினும் உண்டு, டாடாவின் பழைய 1.4 டிடிஐ-யும் உண்டு. அதன் ஆர்.சி-யில் 1,405 என்று இருக்கும். வெளித்தோற்றம் ஒன்றுதான் என்றாலும், ஓட்டும்போது இரண்டும் வேறு வேறு கார்கள். செவர்லே பீட் டீசலில் 936 சிசி. மல்டிஜெட்டில் ஒரு சிலிண்டரைக் குறைத்துச் செய்த தம்பி அது, மூன்று சிலிண்டர். 2019-ல் வந்த சில எர்டிகா, சியாஸ் கார்களில் 1,498 என்றிருக்கும். அது சுஸுகியின் சொந்த 1.5 லிட்டர் இன்ஜின். மெக்கானிக்கை விட்டு, இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஆர்.சி-யில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கட்டாயம் பாருங்கள்.

1,248 சிசி-யிலேயே அண்ணன் தம்பி இருவர் உண்டு. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸில் இருப்பது 75 குதிரைத்திறன் இன்ஜின். எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸாவில் 90. புன்ட்டோ, விஸ்டா இரண்டிலும் இரண்டு வகையும் வந்தன. எனவே, எந்த வேரியன்ட் என்று கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அந்தத் தயக்கம் ஏன்?

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகைதான் டர்போவின் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு. டர்போ வேலையைத் தொடங்காது. ஸ்விஃப்ட்டில் முழு இழுவிசையான 190 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 2,000 ஆர்பிஎம்மில். அதற்குக் கீழே சோம்பல், அதைத் தொட்டதும் பாய்ச்சல். இதைத்தான் 'டர்போ லேக்' என்கிறார்கள். இது சுபாவம், கோளாறு இல்லை.

மாருதியின் 90 குதிரைத்திறன் இன்ஜினில் புகை வரும் வழியைத் தேவைக்கேற்பச் சுருக்கி விரிக்கும் டர்போ இருக்கிறது. 200 நியூட்டன் மீட்டர் 1,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். அதிலும் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால், நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது தெம்பு கூடுதல்.

சுபாவம் தெரிந்துவிட்டால் ஓட்டுவது சுலபம். வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகு இரண்டாவது கியரில் முக்கினால், தயங்காமல் முதல் கியருக்கு வாருங்கள். ஏ.சி போட்டு, நான்கு பேரோடு கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது ஆர்பிஎம் 2,000-க்குக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லாரியை முந்துவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்கள். முந்த ஆரம்பித்த பிறகு டர்போவுக்காகக் காத்திருப்பது ஆபத்து. நீண்ட தூரம் ஓட்டி வந்தால், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். டர்போ கொஞ்சம் ஆறட்டும்.

கோளாறு எது?

கார் பார்க்கக் காலையிலேயே போங்கள். முதல் வேலையாக பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினில்தான் உண்மை வெளிவரும்.

ஸ்டார்ட் ஆனதும் சங்கிலி குலுங்குவது போலச் சத்தம் கேட்கிறதா? இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். பெல்ட்டைப் போல இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று மாற்றத் தேவையில்லை. ஆனால், ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் செயின் தளர்ந்திருக்கும். அந்தச் செலவு பெரிது. எனவே, மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைவிட சர்வீஸ் பில்கள்தான் முக்கியம்.

நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். அழுத்தி மிதிக்கும்போது தொடர்ந்து கரும்புகை கக்கினால் இன்ஜெக்டர், இஜிஆர் வால்வு, ஏர் ஃபில்டர் என்று ஏதோ ஒன்றில் சிக்கல்.

அடுத்து, காலியான சாலையில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம் வைத்து முழுவதுமாக மிதித்துப் பாருங்கள். 2,000 தாண்டியதும் சீட்டில் முதுகைத் தள்ளுவது போல இழுத்தால் டர்போ நலம். 2,500 ஆகியும் சோம்பல் தீரவில்லை என்றால், அது டர்போ லேக் இல்லை. காற்றுக் குழாயில் கசிவோ, டர்போவில் பழுதோ இருக்கலாம். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி, கார் அதற்கேற்ப வேகமெடுக்காவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. 'எல்லா டீசலும் இப்படித்தான் சார்' என்று விற்பவர் சமாளிப்பது இந்த இடத்தில்தான்.

யாருக்கு இந்த கார்?

குழந்தைகளைப் பள்ளியில் விடவும், காய்கறி வாங்கவும் மட்டும்தான் கார் என்றால் பெட்ரோலே போதும். பெட்ரோல், டீசல் விலை வித்தியாசம் இப்போது பழையபடி இல்லை. மாதாமாதம் ஊருக்குப் போகிறவர்கள், அப்பாவை வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி அழைத்துச் செல்கிறவர்கள் என நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்குத்தான் டீசல் லாபம்.

இன்னொன்று, பதிவு செய்து 15 வருடம் ஆன காருக்கு எஃப்.சி காட்டி ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். விலை பேசும்போது அந்தச் செலவையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்த முறை யாராவது 'ஃபியட் இன்ஜின்' என்று ஆரம்பித்தால், "சந்தோஷம். ஆர்.சி-யையும் சர்வீஸ் பில்லையும் காட்டுங்க. நாளைக்குக் காலையில நாங்க வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.