கை தூக்காத குழந்தையையும் பேச வைக்குமா வீடியோ? தொடக்க வகுப்புகளில் புதிய முயற்சியும் 'ஃபிளிப்' தரும் பாடமும்

டீச்சர் ஒரு கேள்வி கேட்கிறார். அடுத்த நொடியே நாலு கை மேலே போகிறது. அதில் ஒருவருக்கு வாய்ப்பு. பதில் வருகிறது. "வெரி குட்" சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

நம்ம எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான் இது. அந்த நாலு கை யாருடையது என்பதும் தெரியும். நேற்று தூக்கியவர்கள்தான் இன்றும் தூக்குகிறார்கள். மற்ற குழந்தைகளுக்குப் பதில் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு யோசிக்க இன்னும் கொஞ்ச நேரம் வேணும். சிலருக்கு, 'தப்பா சொல்லிட்டா சிரிச்சிடுவாங்களோ' என்ற பயம்.

இப்படி அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பேச வைக்க அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் தொடக்கப் பள்ளிகள் கையில் எடுத்த வழிகளில் ஒன்று, வீடியோ கலந்துரையாடல். அதில் பெரிய அளவில் பிரபலமான 'ஃபிளிப்' தளம், 2024-ல் தனிச் செயலியாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. இந்த முறை எப்படி வேலை செய்கிறது? உண்மையிலேயே பயன் உண்டா? குழந்தைகளின் வீடியோ என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீடியோ கலந்துரையாடல்னா என்ன?

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் திரையில் இருக்க வேண்டும். இதில் அது தேவையில்லை.

ஆசிரியர் ஒரு கேள்வியைப் பதிவிடுவார். மாணவர்கள் அவரவருக்கு வசதியான நேரத்தில், ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ பேசி வீடியோ பதிவு செய்வார்கள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடியும் பேசலாம். பதிவான வீடியோக்களை ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே மற்ற மாணவர்களுக்குத் தெரியும்படி வைக்கலாம். ஒரு மாணவரின் வீடியோவுக்கு இன்னொரு மாணவர் வீடியோவிலேயே பதில் சொல்லலாம்.

சிம்பிளா சொல்லணும்னா, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் போலத்தான். அது வகுப்பறைக்குள், ஆசிரியரின் கண்காணிப்பில் நடக்கிறது.

குழந்தைகள் ஏன் பேசுவதில்லை?

இதற்கான பதில் 50 ஆண்டுகளுக்கு முன்பே ஓரளவு கிடைத்துவிட்டது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக 1 நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள், அல்லது வேறு மாணவரிடம் போய்விடுகிறார்கள்.

அந்த 1 நொடியை 3 நொடியாக்கினால்? பதில்கள் நீளமாகின. பேசாமல் இருந்துவிடுவது குறைந்தது. குழந்தைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1970-களில் வெளியான இந்த ஆய்வுதான் 'காத்திருப்பு நேரம்' என்ற பெயரில் இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லித் தரப்படுகிறது.

இன்னொரு காரணம், வெறும் கணக்கு. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்பில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். 40 நிமிட பீரியட் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பாதி நேரம் பேசினாலும் மீதி 20 நிமிடம்தான். அதை 30 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 40 நொடி. நிஜத்தில் சமமாகவும் பிரிவதில்லை.

வீடியோ எதை மாற்றுகிறது?

முதலில், நேரம். 1 நொடி அவசரம் இங்கே இல்லை. குழந்தை கேள்வியை மறுபடி கேட்கலாம், யோசிக்கலாம், தடுமாறினால் திரும்பப் பேசலாம்.

இரண்டாவது, பார்வையாளர்கள். 30 பேர் திரும்பிப் பார்க்கும்போது எழுந்து நின்று பேசுவதும், ஒரு மூலையில் உட்கார்ந்து டேப்லெட்டிடம் பேசுவதும் ஒன்றல்ல.

மூன்றாவது, எழுத்து. ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்கு மனதில் இருப்பது நிறைய; எழுத வருவது கொஞ்சம். 'எனக்கு நாய் பிடிக்கும்' என்று ஒரு வரி எழுதும் அதே குழந்தை, தெருநாய்க்குப் பெயர் வைத்து பிஸ்கட் போட்ட கதையை இரண்டு நிமிடம் பேசும். பள்ளி மொழி வேறு, வீட்டு மொழி வேறு என்று இருக்கும் குழந்தைகளுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது.

ஆசிரியருக்கும் இதில் லாபம் உண்டு. ஓர் உதாரணம்: 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதும். நோட்டில் பார்த்தால் அது தப்பு, சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான். அதே குழந்தையிடம், 'நீ எப்படிப் போட்டன்னு சொல்லு' என்று கேட்டு வீடியோ வாங்கிப் பாருங்கள். '7-லிருந்து 2 போனா 5, 5-லிருந்து 2 போனா 3' என்று சொல்லும். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் போதும் என்று நினைத்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவில்லை என்பது அங்கேதான் தெரிகிறது. அடுத்த நாள் எதைச் சொல்லித் தர வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

'ஃபிளிப்' எப்படி வளர்ந்தது, ஏன் நின்றது?

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் மில்லர், தன்னுடைய முதுநிலை மாணவர்கள் வகுப்புக்கு வெளியிலும் கலந்துரையாட உருவாக்கிய கருவிதான் 'ஃபிளிப்கிரிட்'. பெரியவர்களுக்காகத் தொடங்கியது, பின்னர் தொடக்கப் பள்ளிகள் வரை பரவியது.

2018-ல் மைக்ரோசாஃப்ட் இதை வாங்கி, பள்ளிகளுக்கு இலவசம் என்று அறிவித்தது. 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது இதன் பயன்பாடு வேகமெடுத்தது. 2022-ல் பெயர் 'ஃபிளிப்' என்று சுருங்கியது. 2024 ஜூலையில் தனி இணையதளமும் செயலியும் மூடப்பட்டு, வீடியோ பதிவு வசதி மட்டும் அதே நிறுவனத்தின் 'டீம்ஸ்' தளத்துக்குள் போனது. பழைய வீடியோக்கள் தேவைப்படுபவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவிறக்கிக்கொள்ளும்படி சொல்லப்பட்டது.

இதனால் இந்த முறையே முடிந்துபோய்விடவில்லை. 'சீசா', 'பேட்லெட்' போன்ற தளங்களிலும் குழந்தைகள் குரலாகவும் வீடியோவாகவும் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் இலவசக் கருவியை நம்பிப் பல ஆண்டுகள் பாடம் அமைத்த ஆசிரியர்கள், அந்த நிறுவனத்தின் ஒரு முடிவால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. இலவசம் என்பதற்கும் நிரந்தரம் என்பதற்கும் சம்பந்தமில்லை.

குழந்தை பேசிவிட்டால் போதுமா?

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா லண்டி, ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்களின் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு நான்கு விஷயங்கள் வேண்டும் என்றார் லண்டி: பேச ஓர் இடம், பேசுவதற்கான குரல், கேட்க ஓர் ஆள், சொன்னதால் ஏற்படும் தாக்கம்.

வீடியோ கருவி முதல் இரண்டையும் தருகிறது. மற்ற இரண்டும் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

இரண்டு கேள்விகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 'நம் தேசியப் பறவை எது? வீடியோவில் சொல்' என்று கேட்டால், 30 வீடியோவிலும் மயில்தான் வரும். அது கேமரா முன் ஒப்பித்தல். 'இடைவேளையில் உனக்கு என்ன கஷ்டமா இருக்கு?' என்று கேட்டால் வேறு மாதிரி பதில் வரும். 'தண்ணிக் குழாய் எட்டல' என்று ஒரு குழந்தை சொல்லலாம். அடுத்த வாரம் அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு படி வைக்கப்பட்டால், தான் பேசினால் ஏதாவது நடக்கும் என்று அந்தக் குழந்தைக்குப் புரியும். ஒன்றுமே நடக்காவிட்டால் அதுவும் புரியும். அடுத்த முறை அது பேசாது.

சிக்கல் எங்கே?

*ஆசிரியரின் நேரம்:* 30 குழந்தைகள் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால், பார்க்கவே 30 நிமிடம். வாரம் ஐந்து கேள்வி என்றால் இரண்டரை மணி நேரம். ஏற்கெனவே பதிவேடுகளும் திருத்தும் வேலையும் குவிந்திருக்கும் ஆசிரியரால் இது முடியாது. யாரும் பார்க்காத வீடியோ, திருத்தப்படாத நோட்டை விட மோசம். வாரம் ஒரே ஒரு கேள்வி, அதிலும் சுழற்சி முறையில் பத்துப் பேர் என்று வைத்தால் சமாளிக்கலாம்.

*வீட்டின் நிலை:* வீட்டில் ஒரே ஒரு போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். அப்புறம் எப்படிப் பதிவு செய்வது? பதிவு செய்தாலும் பின்னணியில் வீடு தெரியும். யார் வீட்டில் ஏ.சி., யார் வீட்டில் ஓலைக் கூரை என்று வகுப்பே பார்க்கும். அதனால் பள்ளியிலேயே, ஒரு மூலையில், ஒரே சுவரின் முன்னால் பதிவு செய்வது நல்லது.

*பெற்றோரின் ஆர்வம்:* அம்மா எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, பத்து முறை எடுத்து, பதினோராவதை அனுப்பினால் அது குழந்தையின் குரல் ஆகாது. திக்கித் திணறிப் பேசினாலும் அதன் சொந்தப் பேச்சுதான் ஆசிரியருக்குத் தேவை.

*கேமரா கூச்சம்:* வகுப்பில் பேசக் கூச்சப்படும் எல்லாக் குழந்தைகளும் கேமரா முன் துணிச்சலாகிவிடுவதில்லை. தன் முகத்தைத் திரையில் பார்ப்பதே சிலருக்குச் சங்கடம். வரைந்த படத்தை மட்டும் காட்டிப் பேசுவது, பொம்மையைப் பேச வைப்பது, குரல் பதிவு மட்டும் செய்வது என மாற்று வழிகள் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தையின் முகமும் குரலும் தனிப்பட்ட தரவுகள். அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலை இணையத்தில் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 1998-லேயே சட்டம் வந்தது. கல்விக்காக மட்டும் பயன்படுத்தும்போது, பெற்றோர் சார்பில் பள்ளியே சம்மதம் தர அங்கே இடமுண்டு.

இந்தியாவில் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கல்வி நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட தேவைகளுக்காகச் சில விலக்குகளை விதிகள் தருகின்றன.

இன்னொரு சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பாடத்திட்டமும் மதிப்பீடும் எப்படி இருக்க வேண்டும் என்று 29-வது பிரிவில் சொல்கிறது. குழந்தையைப் பயத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவித்து, தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவ வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆக, பேசாத குழந்தையைப் பேச வைப்பது ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வத்தோடு நிற்கும் விஷயம் அல்ல. சட்டமே எதிர்பார்ப்பது.

பெற்றோர் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

உங்கள் குழந்தையின் பள்ளியில் வீடியோ பதிவு செய்து அனுப்பச் சொன்னால், இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த வீடியோவை யாரெல்லாம் பார்க்க முடியும்? வகுப்பு மட்டுமா, வெளியிலும் தெரியுமா?
2. எவ்வளவு நாள் சேமித்து வைப்பீர்கள்? எப்போது அழிப்பீர்கள்?
3. முகம் காட்டாமல் குரலில் மட்டும் பதில் சொல்லலாமா?
4. இதற்கு மதிப்பெண் உண்டா?
5. குழந்தை பேசியதற்கு ஆசிரியர் எப்படிப் பதில் சொல்வார்?

வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னால் கூடுதல் கவனம் தேவை. அங்கே போட்ட வீடியோ எத்தனை போன்களில் இறங்கும், எங்கெல்லாம் ஃபார்வேர்டு ஆகும் என்பதைப் பள்ளியாலும் கட்டுப்படுத்த முடியாது.

செயலி இல்லாமலும் முடியுமா?

நிச்சயம் முடியும். பள்ளியில் உள்ள ஒரு டேப்லெட்டின் சாதாரண கேமராவே போதும். இணையமே வேண்டாம். அதுவும் இல்லையா? கேள்வி கேட்டுவிட்டு 3 நொடி காத்திருக்கலாம். வகுப்பு முழுக்கச் சொல்வதற்கு முன், பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். இதற்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை.

'ஃபிளிப்' போனது போல நாளை இன்னொரு தளமும் போகலாம், புதிதாக ஒன்று வரலாம். எது வந்தாலும் போனாலும் கடைசி பெஞ்சில் இருக்கும் குழந்தைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: 'நான் சொன்னதை டீச்சர் கேட்டாங்களா?' உங்கள் குழந்தை இன்று பள்ளியிலிருந்து வந்ததும், 'டீச்சர் என்ன கேட்டாங்க?' என்பதோடு நிறுத்தாமல், 'நீ என்ன சொன்ன?' என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வர 3 நொடிக்கு மேல் ஆனாலும் காத்திருங்கள்.