கடன்பட்டவரும் முறைப்பாடு செய்யலாம்

போன மாதம் ஒரு நாள், காலைப் பிரட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தங்கச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூன்று தவணை பாக்கி என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டார்கள். கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். நாமும்தான் நின்றோம். அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஒரு நாள் பேர் போனது. பாக்கி அப்படியே இருந்தது.

வந்தவர்கள் கடன் கொடுத்த கம்பனியின் ஆட்கள்கூட இல்லை. அந்தக் கம்பனி பாக்கியை அறவிட அமர்த்திய இன்னொரு கம்பனியின் ஆட்கள்.

"வாங்கினால் கட்டத்தானே வேணும்" என்பதே சங்கத்துக்குள்ளும் இவ்வளவு காலம் நமது பதிலாக இருந்தது. சம்பளத்துக்குக் கொடி பிடித்த நாம், அந்தச் சம்பளம் போதாமல் வாங்கிய கடனை வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டோம். 2021 இல் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோதும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கடந்து போனோம்.

முறைப்பாடு செய்தால் கடன் தள்ளுபடியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கட்ட வேண்டியதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால், கடன் கட்டாமல் போவது சிவில் விடயம். (காசோலை கொடுத்து அது திரும்பினால் கதை வேறு.) "பொலிஸில் பிடித்துக் கொடுப்போம்" என்பது வெறும் மிரட்டல். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் லயத்துக்குள் புகுந்து டீவியையோ கேஸ் சிலிண்டரையோ தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

முதலில் கடன் கொடுத்த கம்பனிக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது நிற்காது. எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், மோட்டார் சைக்கிள் இலக்கம் என்ன, பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று எல்லாம் எழுதுங்கள். அறவிட வந்த கம்பனியின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் "அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை" என்று கையை விரிப்பார்கள். கடன் புத்தகம், ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்துப் பதிவுத் தபாலில் போடுங்கள். தபால் துண்டைத் தொலைக்க வேண்டாம்.

ஒழுங்கான பதில் வராவிட்டால் அடுத்தது மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். முகவரி: இல. 30, சனாதிபதி மாவத்தை, கொழும்பு 01. தொலைபேசி 1935. தமிழிலேயே எழுதலாம்; அது அரசியலமைப்பு தந்த உரிமை. வங்கிகள், அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகள், 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற நுண்நிதிக் கம்பனிகள் ஆகியவை மத்திய வங்கியின் மேற்பார்வையில் இருப்பவை. பதிவே இல்லாமல் வட்டிக்கு விடுபவர்களின் மிரட்டலுக்குப் பொலிஸ் நிலையம்தான் வழி. அங்கே முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பக் கூடாது.

கடிதம் எழுதுவது லேசான வேலை. குழுக்கடனில் ஒருவர் தவறினால் மற்றவர்கள்தான் கட்ட வேண்டும் என்று நெருக்குகிறார்கள். அதனால் கம்பனிக்காரன் வருவதற்கு முன்பே பக்கத்துக் காம்பிராக்காரி கதவைத் தட்டுகிறார். அந்த அக்காவும் நம் அங்கத்தவர்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனபடியால் முறைப்பாட்டில் குழுவில் உள்ள எல்லாரும் கையொப்பம் வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். தனி ஆளாக எழுதினால் அடுத்த கடன் கிடைக்காது என்ற பயத்தில் பாதியில் விட்டுவிடுவார்கள்.

தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு கேள்வி. சங்கக்காரர் உள்ளே வர ஆயிரம் அனுமதி கேட்கிற துரைமார், கடன் அறவிடுபவர்களைப் பிரட்டுக்களம் வரை விடுவது எப்படி? அடுத்த பேச்சுவார்த்தையில் தோட்டத் தலைவர்கள் இதை முன்வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் காரியாலயத்துக்குக் கடன் புத்தகத்தோடு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். அந்தத் தங்கச்சியின் கடிதம் போய்விட்டது. இன்னும் பதில் வரவில்லை. அவர் வேலைக்கு வருகிறார்.