கற்கும் காலத்து உழைப்பு கணக்கில் வராதா?

கனடாவில் உயர்கல்வி கற்று அங்கேயே நிரந்தர வதிவிட உரிமையையும் பெற்றுவிடலாம் என்ற நம்பிக்கையுடன் எமது இளைஞர், யுவதிகள் பலர் விமானமேறுகின்றனர். காணியை ஈடுவைத்தும் நகைகளை அடகுவைத்தும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரில் எத்தனை பேர், படிக்கும்போது செய்யும் வேலை தொழில் அனுபவமாகக் கணிக்கப்படுமா என்று விசாரித்தறிகின்றனர்?

இக்கேள்விக்குக் கனடியக் குடிவரவு விதிகள் ஒன்றுக்கொன்று மாறான இரு விடைகளைத் தந்து வந்துள்ளன. 2008 ஆம் ஆண்டு அறிமுகமான கனடிய அனுபவ வகுப்பின் கீழ் விண்ணப்பிப்பவர், முந்திய 3 ஆண்டுகளுள் அந்நாட்டில் குறைந்தது 1,560 மணித்தியாலங்கள் திறன்சார் தொழில் புரிந்திருத்தல் வேண்டும். ஆனால் முழுநேர மாணவராக இருந்த காலத்தின் வேலை இதில் சேர்க்கப்படுவதில்லை. கற்கைநெறியின் அங்கமாக ஊதியத்துடன் பெறும் தொழிற்பயிற்சிக்கும் இதே கதிதான்.

சமஷ்டித் திறன்சார் தொழிலாளர் திட்டமோ மாணவப் பருவத்து வேலையையும் ஏற்க இடமளிக்கிறது. அது ஊதியம் பெற்ற திறன்சார் தொழிலாகவும், வாரத்துக்கு 30 மணித்தியாலங்கள் வீதம் ஓராண்டு இடையறாது செய்யப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். வாரத்துக்கு 15 மணித்தியாலங்களாயின் இரண்டு ஆண்டுகள் தேவை. எந்த நாட்டில் செய்த வேலை என்பது இங்கு தடையல்ல. ஆகவே, கொழும்பில் கணக்கியல் பரீட்சைகளுக்குப் படித்தவாறே ஊதியத்துக்குப் பணியாற்றியவரின் அனுபவம் இத்திட்டத்தில் பயன்படலாம். அதே பணியை ரொறன்ரோவில் முழுநேர மாணவராக இருந்து செய்தவருக்கோ அது 'கனடிய அனுபவம்' ஆவதில்லை. 2025 இல் கனடிய அனுபவ வகுப்பினருக்கெனத் தனியான அழைப்புச் சுற்றுகள் நடத்தப்பட்டமையை நோக்கும்போது இவ்வேறுபாட்டின் பாரதூரம் புலப்படும்.

மாணவர் விசா தொழில் தேடுவோரின் குறுக்குவழியாகிவிடலாகாது என்ற வாதத்தில் நியாயமுண்டு. கடைகளிலும் உணவகங்களிலும் மாணவர் செய்யும் வேலைகளிற் பல திறன்சார் தொழிலாகக் கொள்ளப்படுவதில்லை என்பதும் உண்மையே. எனினும், ஆட்பற்றாக்குறை நிலவிய 2022 நவம்பரில், மாணவருக்கு விதிக்கப்பட்டிருந்த வாரத்துக்கு 20 மணித்தியால வரம்பைத் தற்காலிகமாக நீக்கிய அரசு, அவர்களது உழைப்பின் பெறுமதியை அறியாததன்று. 2024 ஏப்ரலுடன் அச்சலுகை முடிந்து, அவ்வாண்டு நவம்பரில் வரம்பு 24 மணித்தியாலங்களாக்கப்பட்டது. தேவையானபோது வரவேற்கப்பட்ட உழைப்பு, அது திறன்சார் உழைப்பாகவே இருந்தாலும், உரிமை கோரும்போது மறக்கப்படுவது முறையன்று. வேலை செய்தவரின் மாணவர் அந்தஸ்தைவிட, செய்யப்பட்ட வேலையின் தன்மையே அளவுகோலாதல் வேண்டும்.

அத்தகைய மாற்றம் நிகழும்வரை எமது பிள்ளைகள் விழிப்புடன் இருத்தல் அவசியம். எந்த வேலையும் கணக்கில் வரும் என்று கூறும் முகவர்களின் வார்த்தை ஆதாரமாகாது. இல்லாத அனுபவத்துக்குக் கடிதம் பெற்றுச் சமர்ப்பித்தால் 5 ஆண்டுத் தடைக்கு உள்ளாக நேரிடும். கல்வி முடிந்த பின்னர் கிடைக்கும் தொழில் அனுமதிக் காலம் மட்டுப்படுத்தப்பட்டது. கனடிய அனுபவ வகுப்பை நம்பியிருப்போர் பட்டம் பெற்ற பின்னரே தமது ஓராண்டை எண்ணத் தொடங்க முடியும் என்பதை, காணியை ஈடுவைப்பதற்கு முன்னரே குடும்பத்தினர் அறிந்திருத்தல் நன்று.